கையெழுத்துக்குக் காத்திராத நிர்வாகம்: புற நரம்புகளும் தானியங்கு நரம்பு மண்டலமும்

நரம்பைப் பற்றிய நம் அன்றாடப் பேச்சில் பல விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம்; அது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. கை நடுக்கம், களைப்பு, படபடப்பு, தூக்கமின்மை ஆகிய எல்லாவற்றுக்கும் நரம்புத் தளர்ச்சி என்று ஒரே பெயரைச் சூட்டி, மருந்துக் கடையில் சத்து மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். அண்மைக் காலமாக இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது. உடலில் பதற்றத்துக்கு ஒரு நரம்பு மண்டலமும் அமைதிக்கு ஒரு நரம்பு மண்டலமும் இருப்பதாகவும், மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டிவிட்டால் முதலாவது அணைந்து இரண்டாவது விழித்துக்கொள்ளும் என்றும் காணொளிகள் சொல்கின்றன. இதில் உண்மையின் சாயல் கொஞ்சம் இருப்பதால்தான் எளிதாக நம்பப்படுகிறது. ஆனால் உடலில் அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. இரு பிரிவுகளும் எப்போதும், ஒரே சமயத்தில், உறுப்புக்கு உறுப்பு வெவ்வேறு அளவில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இடத்தால் ஒரு பிரிவு, வேலையால் ஒரு பிரிவு

மனித நரம்பு மண்டலத்தை இரண்டு விதமாகப் பிரிப்பது வழக்கம். முதலாவது, இடத்தை வைத்துப் பிரிப்பது. மூளையும், முதுகெலும்புக்குள் பாதுகாப்பாக இறங்கும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அவற்றுக்கு வெளியே உடலெங்கும் ஓடும் நரம்புகளும், வழியில் ஆங்காங்கே உள்ள நரம்பு முடிச்சுகளும் சேர்ந்தது புற நரம்பு மண்டலம்.

இரண்டாவது, வேலையை வைத்துப் பிரிப்பது. தோல், மூட்டு, எலும்போடு ஒட்டிய தசை ஆகியவற்றைக் கவனிப்பது உடல்சார் நரம்பு மண்டலம். இதயம், இரத்தக் குழாய்கள், சுரப்பிகள், குடல், சிறுநீர்ப்பை, கண்ணின் பாவை போன்றவற்றைக் கவனிப்பது தானியங்கு நரம்பு மண்டலம்.

புற நரம்பு மண்டலமும் தானியங்கு நரம்பு மண்டலமும் அடுத்தடுத்த வீடுகளைப் போல இரு தனி அமைப்புகள் என்று பலரும் எண்ணிக்கொள்வது இந்த இரு பிரிப்புகளையும் கலந்துவிடுவதால்தான். தானியங்கு மண்டலத்தின் நரம்பிழைகள் பெரும்பாலும் புற நரம்பு மண்டலத்தில் ஓடுகின்றன. அவற்றை ஆளும் மையங்களோ மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸிலும், மூளைத்தண்டிலும், தண்டுவடத்திலும் இருக்கின்றன.

இதை ஒரு மாவட்ட நிர்வாகத்தோடு ஒப்பிடலாம். மைய நரம்பு மண்டலம் என்பது ஆட்சியர் அலுவலகக் கட்டடம். அங்கிருந்து கிராமங்கள் வரை போய்வரும் தகவல் வழிகளும், இடையிலுள்ள வட்டாட்சியர் அலுவலகங்களும் புற நரம்பு மண்டலம். நம்முடைய விழிப்புள்ள மனத்தை ஆட்சியர் என்று வைத்துக்கொண்டால், சில கட்டளைகள் அவர் கையெழுத்திட்டுப் போகின்றன. ஏரியின் நீர்மட்டத்தைக் கணக்கெடுப்பது, மதகைத் திறப்பது, மூடுவது போன்ற அன்றாட வேலைகளைக் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பிரிவுகளே பார்த்துக்கொள்கின்றன. கோப்பு ஆட்சியரின் மேசைக்கு வருவதே இல்லை. தானியங்கு நரம்பு மண்டலம் இந்த இரண்டாம் வகை நிர்வாகம்.

புற நரம்புகள்: ஒரே கயிற்றில் இரு திசைப் போக்குவரத்து

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் மூளை நரம்புகள் 12 இணைகள். தண்டுவடத்திலிருந்து கிளம்புபவை 31 இணைகள்: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திரிகப் பகுதியில் 5, வால் எலும்பருகே 1. கைகால்களில் ஓடும் பெரிய நரம்புகளெல்லாம் இந்த 31 இணைகள் பின்னிப் பிணைந்து கிளைப்பதால் உருவானவைதான்.

ஒரு நரம்பு என்பது தனியொரு இழையன்று. ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் நியூரான் என்னும் நரம்புச் செல்லின் நீண்ட வால். அதற்கு ஆக்சான் என்று பெயர். கால் பெருவிரலை அசைக்கும் ஆக்சானின் தாய்ச்செல் முதுகின் கீழ்ப்பகுதியில் தண்டுவடத்துக்குள் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லின் வால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோயைப் பேசும்போது இது பயன்படும்.

இழைகளில் ஒரு பகுதி, செய்தியை உள்ளே கொண்டுவரும் உணர்ச்சி இழைகள். மற்றது, கட்டளையை வெளியே கொண்டுசெல்லும் இயக்க இழைகள். உடலின் நடுவழியில் இரண்டும் ஒரே கட்டில் கலந்தே ஓடினாலும், தண்டுவடத்தின் வாசலில் தெளிவாகப் பிரிந்துவிடுகின்றன. பின்வேர் வழியாக உணர்ச்சி நுழைகிறது. முன்வேர் வழியாகக் கட்டளை வெளியேறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சார்லஸ் பெல்லும், 1822இல் பிரான்சில் பிரான்சுவா மஜந்தியும் ஆராய்ந்து நிறுவிய இந்த ஒழுங்கு இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. முதுகுத் தட்டு பிதுங்கி ஒரு வேரை அழுத்தும்போது ஒருவருக்கு எரிச்சலும் மரமரப்பும் அதிகமாக, இன்னொருவருக்குக் கால் வலுவிழப்பது அதிகமாக இருப்பது ஏன் என்பதற்கு, எந்த இழைகள் எவ்வளவு அழுந்தின என்பதும் ஒரு காரணம்.

புற நரம்புக்கு மைய நரம்பு மண்டலத்தில் இல்லாத ஒரு பேறு உண்டு: அறுபட்டால் மீண்டும் வளர முயலும். வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழங்கையருகே வெட்டுப்பட்ட நரம்பைத் தைத்துச் சேர்த்த பிறகு விரல்களில் உணர்வு திரும்புவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். தண்டுவடம் அறுபட்டால் இப்படி வளர்ந்து சேர்வதில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: மூளையும் தண்டுவடமும் மையம்; அவற்றுக்கு வெளியே உள்ளவை புறம். புற நரம்புகள் செய்தியை உள்ளேயும் கட்டளையை வெளியேயும் சுமக்கின்றன. தானியங்கு மண்டலம் இந்தப் போக்குவரத்தின் ஒரு பங்கு.

ஒரே இழையா, இரண்டு இழைகளா?

கையை மடக்கும் தசைக்குத் தண்டுவடத்திலிருந்து ஒரே ஆக்சான் இடைநிறுத்தமின்றிப் போகிறது; ஆட்சியர் அலுவலகத்திலிருந்து களப்பணியாளருக்கு நேரடியாக ஆணை போவதைப் போல. தானியங்கு நரம்புகளில் அப்படியில்லை. முதல் நியூரான் வழியிலுள்ள நரம்பு முடிச்சு வரை வந்து நிற்கிறது. அங்கே இரண்டாம் நியூரான் செய்தியைப் பெற்று உறுப்புக்கு எடுத்துச் செல்கிறது. அந்த முடிச்சுதான் நம் ஒப்புமையில் வட்டாட்சியர் அலுவலகம். மேலிருந்து வரும் ஒரே ஆணையை அது பல கிராமங்களுக்குப் பிரித்து அனுப்ப முடியும்.

இந்த இரட்டை அமைப்பை வரைபடம் போலத் துலக்கியவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜான் லாங்லி. அவர் கையாண்ட உத்தி மிக எளிமையானது, அதனாலேயே அழகானது. விலங்கின் நரம்பு முடிச்சின்மேல் நிக்கோட்டின் கரைசலைத் தூரிகையால் தடவினார். அதன் பிறகு முடிச்சுக்கு முன்னால் நரம்பைத் தூண்டினால் உறுப்பில் எந்த மாற்றமும் இல்லை. முடிச்சைத் தாண்டித் தூண்டினால் உறுப்பு வழக்கம்போல் இயங்கியது. ஆகவே செய்தி அந்த முடிச்சில்தான் கைமாறுகிறது. 1889இல் தொடங்கிய இந்த ஆய்வுகளால் எந்த முடிச்சில் எந்தப் பாதை கைமாறுகிறது என்பது ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தானியங்கு நரம்பு மண்டலம் என்று நாம் அழைக்கும் அமைப்புக்கு 1898இல் பெயர் வைத்தவரும் அவரே.

பரிவும் எதிர்ப்பரிவும்

தானியங்கு மண்டலத்தின் வெளிச்செல்லும் பாதைகள் இரு பெரும் பிரிவுகள்: காணொளிகள் பதற்றத்துக்கானது என்று சொல்லும் பரிவு, அமைதிக்கானது என்று சொல்லும் எதிர்ப்பரிவு. பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் கிளம்புகின்றன. அவற்றின் முடிச்சுகளில் பெரும்பாலானவை முதுகெலும்பின் இரு பக்கமும் சங்கிலிபோலக் கோத்து இருக்கின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் இரு முனைகளிலிருந்து கிளம்புகின்றன: மேலே 3, 7, 9, 10ஆம் மூளை நரம்புகளோடும், கீழே திரிகப் பகுதி நரம்புகளோடும். இவற்றின் முடிச்சுகள் உறுப்பின் அருகிலோ உறுப்பின் சுவருக்குள்ளேயோ இருக்கின்றன. வேகஸ் என்பது 10ஆம் மூளை நரம்பு. அது கழுத்து வழியாக இறங்கி, இதயத்தையும் நுரையீரலையும் தொட்டு, பெருங்குடலின் பெரும்பகுதி வரை செல்கிறது.

ஆபத்தின்போது பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தி, மூச்சுக் குழாய்களை விரித்து, குடலின் வேலையைத் தணிக்கின்றன. சிறுநீரகத்தின் தலைப்பில் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகும் பரிவு இழை அங்கே இன்னொரு நியூரானைச் சந்திப்பதில்லை. சுரப்பியின் செல்களையே தூண்டுகிறது, அவை அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. எதிர்த்துப் போரிடுவது அல்லது தப்பி ஓடுவது என்ற அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனனின் விளக்கம் இந்தக் காட்சியைப் பற்றியது. விளக்கம் சரியானதே. பரிவு நரம்புகளுக்கு அது ஒன்றே வேலை என்று எண்ணியதில்தான் குழப்பம் தொடங்கியது.

எழுந்து நிற்கும்போது நடப்பது

தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் எழுந்து நிற்கிறார். அந்தச் சில விநாடிகளில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் புவியீர்ப்பால் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. இரத்த அழுத்தம் சரியத் தொடங்குகிறது. கழுத்தில் துடிக்கும் தமனியின் ஒரு புடைப்பிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. தமனிச் சுவர் விரிவது குறைந்ததும் அவை அனுப்பும் துடிப்புகளும் குறைகின்றன. 9, 10ஆம் மூளை நரம்புகள் வழியாக இந்தச் செய்தி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்துக்குப் போகிறது. முகுளம் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இதயத்தின் மேல் வேகஸ் வைத்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தக் குழாய்களைப் பரிவு நரம்புகள் வழியாகச் சுருக்குகிறது. அழுத்தம் மீள்கிறது. அவரோ கை கழுவப் போய்க்கொண்டிருக்கிறார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

இங்கே அவருக்குப் பயமில்லை, பதற்றமில்லை, உள்ளங்கை வியர்க்கவில்லை. ஆனாலும் பரிவு நரம்புகள் கடுமையாக உழைத்தன. அவை உழைக்காவிட்டால் எழுந்தவர் தலைசுற்றி விழுந்திருப்பார். பரிவு நரம்புகளை நலக்கேடாகவும் எதிர்ப்பரிவு நரம்புகளை நலமாகவும் சித்திரிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு, நாள்தோறும் பலமுறை நடக்கும் இந்த ஒன்றே போதும். பெரும்பாலான இரத்தக் குழாய்களுக்கு எதிர்ப்பரிவு நரம்பே கிடையாது. பரிவு நரம்பின் துடிப்பு கூடினால் அவை சுருங்குகின்றன, குறைந்தால் விரிகின்றன. வியர்வைச் சுரப்பிகளுக்கும் பரிவு நரம்பு மட்டுமே உண்டு.

இரண்டும் சேர்ந்து பணியாற்றும் இதயத்திலும் கதை ஏற்றம் இறக்கமாகவே இருக்கிறது. நரம்பின் தலையீடு ஏதுமின்றி விட்டால் இதயத்தின் இயல்பான தாளம் நிமிடத்துக்குச் சுமார் 100. ஓய்விலிருப்பவருக்கு அது 60, 70 என்று இருப்பது வேகஸ் இடைவிடாமல் இழுத்துப் பிடிப்பதால். இதய மாற்று அறுவை சிகிச்சையில் இந்த நரம்புகள் வெட்டுப்படுகின்றன. ஆகவே புதிய இதயம் ஓய்விலும் ஏறத்தாழ 90 முதல் 110 வரை துடிக்கிறது. மாடிப்படி ஏறினால் உடனே வேகம் கூடாமல், இரத்தத்தில் அட்ரினலின் சேரச் சேரத்தான் மெதுவாக உயர்கிறது.

இந்தப் பகுதியின் சாரம்: பரிவு, எதிர்ப்பரிவு இரண்டும் ஓயாமல் ஏதோ ஓர் அளவில் இயங்குகின்றன. உறுப்புகள் சிலவற்றுக்கு இரண்டும் உண்டு. சிலவற்றுக்கு ஒன்றே உண்டு. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாய்வது அரிதான நிலை.

செய்தியைக் கைமாற்றும் வேதிப்பொருள்கள்

ஆக்சானில் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. அது முடிவடையும் இடத்தில் ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அதைக் கடப்பது வேதிப்பொருள். 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து இதை நிறுவினார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அது மெதுவானது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இரண்டாம் இதயத்தில் இட்டபோது, நரம்பு தூண்டப்படாத அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு பொருளைக் கசியவிடுகிறது என்பது ஐயமின்றி விளங்கியது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலைன். 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் லோவி.

அசிட்டைல்கோலைன் மூன்று முக்கிய இடங்களில் பயன்படுகிறது: எலும்போடு ஒட்டிய தசைகளில், எல்லாத் தானியங்கு முடிச்சுகளில், எதிர்ப்பரிவு நரம்புகளின் இறுதி முனைகளில். பரிவு நரம்புகளின் இறுதி முனைகளில் பெரும்பாலும் வெளிவருவது நார் அட்ரினலின். வியர்வைச் சுரப்பி மட்டும் விலக்கு, அங்கே அசிட்டைல்கோலைன்தான்.

இந்தப் பட்டியலின் கனம் நம் கிராமங்களுக்குத் தெரியும். பாஸ்பரஸ் கலந்த ஒருவகைப் பூச்சிமருந்துகள் அசிட்டைல்கோலைனைச் சிதைத்து அப்புறப்படுத்தும் நொதியை முடக்குகின்றன. காற்றின் திசை பாராமல், முகத்தை மூடாமல் மருந்து தெளிக்கும் தொழிலாளிக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, கண்ணீர் வழிகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கண்பாவை ஊசிமுனையளவு சுருங்குகிறது, மூச்சுக் குழாயில் சளி நிறைகிறது. தசைகள் துடிதுடித்துப் பின் வலுவிழக்கின்றன. மேலே சொன்ன இடங்கள் எல்லாவற்றிலும் ஒரே பொருள் தேங்கிவிட்டதன் விளைவு இது. மருத்துவமனையில் ஏற்றப்படும் அட்ரோப்பின், சுரப்பிகளிலும் இதயத்திலும் மூச்சுக் குழாயிலும் அசிட்டைல்கோலைனின் செயலைத் தடுக்கிறது. தசைகளில் அந்தப் பொருளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் வேறு வகையானவை என்பதால் அங்கே அட்ரோப்பின் உதவாது. மூச்சுத் தசைகள் தளர்ந்தால் செயற்கைச் சுவாசமே துணை. இத்தகைய அறிகுறிகள் தென்பட்டால் உடைகளைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூச்சு எந்தப் பிரிவைச் சேர்ந்தது?

மூச்சு தன்னால் நடப்பதால் அது தானியங்கு நரம்பு மண்டலத்தின் வேலை என்று பாடக்குறிப்புகளில்கூட எழுதிவிடுகிறார்கள். மூச்சின் தாளத்தை உருவாக்குவது மூளைத்தண்டு என்பது சரி. ஆனால் மூச்சை இழுக்கும் உதரவிதானம் எலும்போடு ஒட்டிய தசைகளின் வகையைச் சேர்ந்தது. அதற்குக் கட்டளை கொண்டுவருவது கழுத்தின் 3, 4, 5ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து உருவாகும் உடல்சார் நரம்பு. அதனால்தான் மூச்சைச் சற்று நேரம் அடக்க நம்மால் முடிகிறது, இதயத்தை அப்படி நிறுத்த முடிவதில்லை. முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் உதைப்பதும் நாம் விரும்பிச் செய்வதன்று; அதுவும் உடல்சார் நரம்புகளின் வேலையே. நம் விருப்பம் என்ற அளவுகோலை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதும், விடும்போது தணிவதும் இளம் வயதினருக்கு விரல்நுனியிலேயே தெரியும். மூச்சை இழுக்கையில் வேகஸின் பிடி தளர்கிறது, விடுகையில் இறுகுகிறது. நீண்டு மூச்சு விடும் பயிற்சியில் இதயம் நிதானப்படுவதற்கு இது ஒரு காரணம், அது பயனுள்ள பயிற்சியும்கூட. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் நாடி தணிவதும் உண்மை. ஆனால் இவை இதயத்தின் வேகத்தில் தெரியும் மாற்றங்கள். கண்பாவை, குடல், சிறுநீர்ப்பை எல்லாம் சேர்ந்து அமைதி நிலைக்கு மாறிவிட்டன என்று இதிலிருந்து சொல்ல இடமில்லை. மேலும், வேகஸின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. ஆணைகளைவிட அறிக்கைகள்தான் அந்த வழியில் அதிகம். மருத்துவத்தில் வேகஸைத் தூண்டுவது என்றால், மார்புத் தோலுக்கடியில் ஒரு கருவியைப் பதித்து, கழுத்திலுள்ள இடப்பக்க வேகஸில் மின்கம்பியைச் சுற்றுவது. கட்டுப்படாத வலிப்பு நோய்க்காக அமெரிக்காவில் 1997இல் இதற்கு அனுமதி கிடைத்தது. வேகஸைத் தூண்டும் வழி என்று காணொளிகள் சொல்லும் ரீங்காரத்தையும் இதையும் ஒரே பெயரால் அழைப்பது பொருந்தாது.

குடலின் சொந்த நிர்வாகம்

உணவுக்குழாயிலிருந்து மலக்குடல் வரை சுவரின் அடுக்குகளுக்கிடையே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நியூரான்கள் வலைபோல் பரவியிருக்கின்றன. 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும், வெளி நரம்புகளைத் துண்டித்த பிறகும் குடல் உணவை முன்னே தள்ளும் அலையைத் தானே எழுப்புவதைக் காட்டினார்கள். இதைத் தானியங்கு மண்டலத்தின் மூன்றாம் பிரிவாகக் கொள்வது வழக்கம். பரிவும் வேகஸும் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அன்றாட வேலைக்கு அதற்கு அவற்றின் அனுமதி வேண்டியதில்லை.

சர்க்கரை நோயில் நரம்புகள்

நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரை, மிக நீளமான இழைகளை முதலில் தாக்குகிறது. ஒரு மீட்டர் நீள ஆக்சானின் கடைக்கோடியைக் காப்பாற்றுவது அதன் தாய்ச்செல்லுக்குக் கடினமான வேலை. அதனால்தான் மரமரப்பு இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி, காலுறை அணிந்ததுபோல மேலேறுகிறது; கைகளுக்கு வருவது பிறகே. செருப்பு காலைவிட்டுக் கழன்றதுகூடத் தெரியாமல் நடந்துபோகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாது. மருத்துவர் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தும் பார்ப்பது இந்த இழப்பை முன்கூட்டியே கண்டறிய. இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது: சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்பு உண்டு, அந்தக் குறைபாடும் இதே போன்ற மரமரப்பைத் தரும். இரத்தத்தில் அளந்து பார்த்து ஊசியோ மாத்திரையோ போடுவது வேறு, களைப்புக்கெல்லாம் சத்து மாத்திரை விழுங்குவது வேறு.

அதிகம் பேசப்படாதது, இதே நோய் தானியங்கு நரம்புகளையும் அரிக்கிறது என்பது. நீளமான வேகஸ் பழுதானால் ஓய்விலும் நாடி விரைவாக இருக்கும், இரைப்பையில் உணவு தேங்கி வயிறு உப்பிசமாகும். பரிவு நரம்புகளும் பழுதானால் எழுந்ததும் கண் இருளும். சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் வியர்வையும் படபடப்பும் வராமல் போகலாம். இதயத்திலிருந்து வலியைச் சுமக்கும் இழைகள் தளர்ந்திருந்தால், மாரடைப்பு நெஞ்சுவலியின்றி வெறும் மூச்சுத்திணறலாகவோ அசதியாகவோ வந்துபோகும். எனவே எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறது என்று சொல்லும் சர்க்கரை நோயாளிக்குப் படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மறுமுறையும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, உட்கொள்ளும் மாத்திரைகளையும் நரம்புகளின் நிலையையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.